என் குழுவிடம் கேட்க முடியாததை இன்னொரு குழுவின் தலைவரிடம் கேட்கலாமா?

வாசகர் கேள்வி:

14 மாதங்களுக்கு முன் ஒரு தொண்டு நிறுவனத்தின் அறங்காவலர் குழுவுக்குத் தலைவராக வந்தேன். சம்பளமில்லாத பொறுப்பு. குழுவில் 9 பேர். நிறுவனத்தைத் தொடங்கியவர் 11 ஆண்டுகள் தலைவராக இருந்துவிட்டு இப்போது உறுப்பினராகத் தொடர்கிறார். எந்த முடிவு என்றாலும் எல்லோரும் முதலில் அவர் முகத்தைத்தான் பார்க்கிறார்கள். தலைமை நிர்வாகி திறமையானவர், ஆனால் அவருடைய வேலையை மதிப்பிடும் இடத்தில் நான் இருப்பதால் அவரிடம் என் குழப்பங்களைச் சொல்ல முடியவில்லை. சமீபத்தில் ஒரு பயிற்சியில் வேறொரு தொண்டு நிறுவனத்தின் தலைவரைச் சந்தித்தேன். "மாதம் ஒருமுறை பேசுவோம், நீங்கள் எனக்கு வழிகாட்டுங்கள், நான் உங்களுக்கு" என்றார். ஆசையாக இருக்கிறது. ஆனால் அவருக்கும் 2 வருட அனுபவம்தான், புதியவர்கள் இருவர் சேர்ந்து என்ன வழிகாட்டிக்கொள்ள முடியும்? குழுவின் விஷயங்களை வெளியாளிடம் பேசுவது தவறில்லையா? மற்றவர்களுக்குத் தெரிந்தால் எனக்குப் பொறுப்பைச் சமாளிக்கத் தெரியவில்லை என்று நினைக்க மாட்டார்களா? எதற்கும் ஆண்டுப் பொதுக்கூட்டம் முடியட்டும் என்று தள்ளிப்போட்டு வைத்திருக்கிறேன்.

பதில்:

வணக்கம். உங்கள் கடிதத்தில் ஒரு வரியை இரண்டு முறை படித்தேன்: "எல்லோரும் முதலில் அவர் முகத்தைத்தான் பார்க்கிறார்கள்." இதை நீங்கள் இதுவரை யாரிடமும் சத்தமாகச் சொல்லியிருக்க மாட்டீர்கள் என்று நினைக்கிறேன். யாரிடம் சொல்வீர்கள்? அந்த ஸ்தாபகரிடம் முடியாது. மற்ற அறங்காவலர்களிடம் சொன்னால் அவரைப் பற்றிப் பின்னால் பேசியதாக ஆகிவிடும். தலைமை நிர்வாகியிடம் சொன்னால், அவர் தன் குழுவுக்குள் பிளவு என்று கவலைப்பட ஆரம்பிப்பார். வீட்டில் சொல்லலாம், ஆனால் வீட்டில் இருப்பவர்கள் உங்கள் பக்கம் மட்டும்தான் பேசுவார்கள். ஒரு தொண்டு நிறுவனத்தின் தலைவருக்கு மேலே யாரும் இல்லை, கீழே இருப்பவர்களிடம் எல்லாவற்றையும் சொல்ல முடியாது, பக்கத்தில் அமர்ந்திருப்பவர்களோ ஓட்டுப் போடுகிறவர்கள். அதனால் அதே மாதிரி நாற்காலியில் வேறொரு மேஜையில் உட்கார்ந்திருக்கும் ஒருவர் தேவைப்படுகிறார். உங்கள் நிறுவனத்தில் எந்த லாப நஷ்டமும் இல்லாதவராக அவர் இருக்க வேண்டும், அவரிடம் உங்களுக்குக் கிடைக்கப் போகும் முக்கியமான பலனே அந்த ஒட்டாத நிலைதான்.

ஆக, செய்யுங்கள் என்பதுதான் என் பதில். எப்படிச் செய்வது என்பதில்தான் கவனம் வேண்டும்.

அனுபவம் பற்றிய சந்தேகத்தை முதலில் முடித்துவிடுவோம், அது நீங்கள் நினைக்கும் அளவுக்குப் பெரிய பிரச்சினை இல்லை. ரெஜ் ரெவன்ஸ் என்று ஒரு இயற்பியலாளர் இருந்தார். 1920களின் கடைசியில் கேம்பிரிட்ஜின் கேவண்டிஷ் ஆய்வகத்தில் இருந்தபோது, அங்கிருந்த மாபெரும் விஞ்ஞானிகள் ஒன்றாக உட்கார்ந்து, தாங்கள் சாதித்ததைவிடத் தங்களுக்குப் புரியாததைத்தான் அதிகம் பேசிக்கொண்டார்கள் என்பதைக் கவனித்தார். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு பிரிட்டனின் நிலக்கரித் துறையில் பயிற்சிப் பொறுப்பில் இருந்தபோது அதையே சுரங்க மேலாளர்களிடம் கொண்டுபோனார். வெளியிலிருந்து நிபுணரைக் கூட்டிவந்து பாடம் நடத்தாமல், மேலாளர்களைச் சிறு சிறு குழுக்களாக உட்காரவைத்து ஒருவர் சிக்கலை மற்றவர் கேள்வி கேட்டுக் கேட்டுப் பிரிக்கச் செய்தார். பிற்பாடு 'ஆக்‌ஷன் லேர்னிங்' என்று பெயர் பெற்ற முறை இதுதான். ஏற்கெனவே எழுதி வைக்கப்பட்ட அறிவும் சரியான நேரத்தில் கேட்கப்படும் நல்ல கேள்வியும் சேர்ந்தால்தான் கற்றல் என்பது அவருடைய சூத்திரம். முதல் பாதி உங்களுக்குப் புத்தகத்திலோ பயிற்சியிலோ சட்ட ஆலோசகரிடமோ கிடைத்துவிடும். இரண்டாவது பாதிக்கு 20 வருட அனுபவம் தேவையில்லை, உங்கள் பொறுப்பின் கனம் தெரிந்த ஒருவர் போதும். சொல்லப்போனால் ரொம்ப அனுபவசாலி எதிரில் உட்கார்ந்தால் நாம் கேள்வியை முடிப்பதற்குள் அவர் பதிலை ஆரம்பித்துவிடுகிறார், நாமும் மாணவர் மாதிரி குறிப்பெடுத்துக்கொண்டு வந்துவிடுகிறோம். உங்கள் இருவருக்கும் அந்த ஆபத்து குறைவு.

சரி, இப்போது ரகசியம். இதில் கொஞ்சம் நிற்க வேண்டும், ஏனென்றால் இதில் நான் ஒருமுறை தவறியிருக்கிறேன்.

பல வருடங்களுக்கு முன் நான் ஒரு அமைப்பின் தலைவராக இருந்தபோது இதே போல இன்னொரு தலைவரோடு மாதாமாதம் பேசிக்கொண்டிருந்தேன். எங்கள் அமைப்பை வேறொன்றோடு இணைக்கலாமா என்று அப்போது குழு யோசித்துக்கொண்டிருந்தது, ஊழியர்களுக்கு இன்னும் தெரியாது. எனக்கு அதில் தூக்கமே வரவில்லை. அவரிடம் எல்லாவற்றையும் கொட்டினேன், எந்த அமைப்பு, யார் பேசினார்கள், யார் எதிர்த்தார்கள் என்று எல்லாம். அவர் கெட்ட எண்ணத்தோடு எதையும் செய்யவில்லை. நமக்கு உதவுவதாக நினைத்து, நிதி தரும் ஒரு இடத்தில் இருந்த தன் நண்பரிடம் பொதுவாகக் கேட்டிருக்கிறார். மூன்று வாரத்தில் அது சுற்றி வந்து எங்கள் ஊழியர் ஒருவர் காதில் விழுந்தது. தங்கள் வேலை என்ன ஆகும் என்பதை வெளியாட்கள் மூலம் தெரிந்துகொண்ட அந்த மனிதர்கள் முன்னால் நான் நின்ற அந்தக் காலை இன்றைக்கும் நினைவில் இருக்கிறது. அவர் வாய் விட்டார் என்று அப்போது கோபப்பட்டேன். யோசித்துப் பார்த்தால் தவறு என்னிடம்தான் தொடங்கியது. எனக்குச் சொந்தமில்லாத ஒன்றை எடுத்துக் கொடுத்திருந்தேன்.

இதைத்தான் உங்களுக்கு அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். குழுவின் ரகசியம் தலைவருக்குச் சொந்தமில்லை, அது மொத்தக் குழுவுக்கும் சொந்தம். உங்கள் குழப்பம், உங்கள் பயம், ஒரு கூட்டத்தை நீங்கள் நடத்திய விதம், ஒருவரோடு பேசத் தயங்குவது, இவையெல்லாம் உங்களுடையவை, தாராளமாக எடுத்துக்கொண்டு போங்கள். யார் எப்படி ஓட்டுப் போட்டார், எந்த ஊழியர் மீது என்ன புகார், எந்த நன்கொடையாளர் எவ்வளவு தரப் போகிறார், உங்கள் சேவையைப் பெறுகிறவர்களின் விவரங்கள், இவையெல்லாம் உங்களுடையவை இல்லை. பேசுவதற்கு முன் "இது என்னுடையதா, குழுவுடையதா?" என்று ஒரே ஒரு முறை கேட்டுக்கொண்டால் பெரும்பாலும் பதில் உடனே வந்துவிடும். "எங்கள் பொருளாளர் கணக்கைத் தாமதமாகத் தருகிறார், அவருக்கு வீட்டில் இன்ன பிரச்சினை" என்பதை "கணக்கு தாமதமாக வரும்போது கேட்க வேண்டியதை நான் கேட்காமல் விடுகிறேன், ஏன் என்று தெரியவில்லை" என்று மாற்றிச் சொல்லிப் பாருங்கள். விஷயம் ஒன்றும் குறையவில்லை. உண்மையில் கூடியிருக்கிறது, ஏனென்றால் இரண்டாவது வாக்கியத்தில்தான் நீங்கள் மாற்றக்கூடிய ஆள் இருக்கிறார்.

சிலர் 'சாத்தம் ஹவுஸ் விதி' போதும் என்பார்கள். லண்டனில் உள்ள சாத்தம் ஹவுஸ் என்ற ஆய்வு நிறுவனம் 1927-ல் வகுத்தது அது: கூட்டத்தில் கேட்டதைப் பயன்படுத்திக்கொள்ளலாம், யார் சொன்னார், எந்த அமைப்பு என்பதை மட்டும் வெளியிடக் கூடாது. 20 பேர் இருக்கும் அறைக்கு அது நல்ல விதி. உங்களைப் போன்ற இருவருக்கு அது போதாது. நீங்கள் அவரைச் சந்திக்கிறீர்கள் என்பது தெரிந்த யாருக்கும், "எனக்குத் தெரிந்த ஒரு தலைவர் சொன்னார்" என்று அவர் ஆரம்பித்த உடனே அது நீங்கள்தான் என்று தெரிந்துவிடும். அதனால் உங்களுக்குள் விதி இன்னும் கடுமையாக இருக்கட்டும்: அங்கே கேட்டது எந்த உருவத்திலும் வெளியே போகாது, உதவி செய்கிற நோக்கத்தில்கூடப் போகாது, போகத்தான் வேண்டுமென்றால் சொன்னவரிடம் கேட்டுவிட்டுத்தான் போகும்.

அதற்கும் ஒரு எல்லை உண்டு, அதை முதல் சந்திப்பிலேயே வாய்விட்டுப் பேசிவிடுங்கள். பணம் கையாடப்படுகிறது, ஒரு குழந்தைக்கோ நலிந்தவருக்கோ தீங்கு நடக்கிறது என்ற சந்தேகம் வந்தால் அது நண்பரோடு அலசுகிற விஷயம் கிடையாது. அது அன்றைக்கே குழுவுக்கும், தேவைப்பட்டால் வழக்கறிஞருக்கும், உங்களைக் கண்காணிக்கும் அரசு அமைப்புக்கும், காவல் துறைக்கும் போக வேண்டியது. உங்களில் ஒருவர் அப்படி ஒன்றைச் சொன்னால் மற்றவர் "இதை நீ இன்றே இன்ன இடத்தில் சொல்ல வேண்டும், சொல்லாவிட்டால் நான் சும்மா இருக்க முடியாது" என்று சொல்வார் என்பது இருவருக்கும் முன்கூட்டியே தெரிந்திருக்கட்டும். பிறகு வருத்தப்பட வேண்டியிருக்காது.

இன்னொன்றையும் பாருங்கள். அவருடைய அமைப்பும் உங்களுடையதும் ஒரே இடத்தில் நிதி கேட்கின்றனவா? ஒரே ஊழியர்களை வேலைக்குத் தேடுகின்றனவா? நாளைக்கு இணைப்போ கூட்டுத் திட்டமோ வர வாய்ப்பு உண்டா? ஒன்றுக்காவது 'ஆம்' என்றால், அவர் நல்ல மனிதராக இருக்கட்டும், நண்பராக வைத்துக்கொள்ளுங்கள், இந்த வேலைக்கு வேறு ஆளைத் தேடுங்கள். வேறு துறையில் இருப்பவரே நல்லது. முதியோர் நலத்தில் இருப்பவரும் நாடகக் குழு நடத்துபவரும் இணைந்து பேசியதைப் பார்த்திருக்கிறேன். துறையைப் பற்றிப் பேச அவர்களுக்குள் ஒன்றும் இல்லாததால் தலைமையைப் பற்றி மட்டும்தான் பேசினார்கள்.

மற்றவர்களுக்குத் தெரிந்தால் என்ன நினைப்பார்கள் என்று கேட்டிருந்தீர்கள். நீங்களே சொல்லிவிடுங்கள். இதில் நான் உறுதியாக இருக்கிறேன். மறைத்து வைத்த சந்திப்பு ஒருநாள் தெரியவரும்போது, "தலைவர் நம் விஷயத்தை எங்கேயோ பேசுகிறார்" என்றுதான் அர்த்தமாகும். அடுத்த கூட்டத்தில் இரண்டு நிமிடம் எடுத்துக்கொண்டு, "தலைவராக நான் கற்றுக்கொள்வதற்காக இன்னொரு அமைப்பின் தலைவரோடு மாதம் ஒருமுறை பேசப் போகிறேன், என் வேலையைப் பற்றிப் பேசுவேன், உங்களைப் பற்றி இல்லை, இந்தத் துறையில் நமக்கு அவர் போட்டியும் இல்லை" என்று சொல்லுங்கள். அவ்வளவுதான். நான் பார்த்தவரை இதைக் கேட்டு முகம் சுளித்த குழுக்கள் மிகக் குறைவு, "எங்களுக்கும் அப்படி யாராவது கிடைப்பார்களா?" என்று பொருளாளர்கள் கேட்டதுதான் அதிகம்.

தலைமை நிர்வாகியிடம் மட்டும் தனியாக, கூட்டத்துக்கு முன்பே சொல்லுங்கள். அவருக்குத்தான் உண்மையான பயம் வரும். உங்கள் கையில் அவருடைய மதிப்பீடு இருக்கிறது, யாரென்றே தெரியாத ஒருவர் அதில் கருத்துச் சொல்கிறாரோ என்று நினைப்பது இயல்பு. "உங்கள் பணியைப் பற்றி அவரிடம் பேச மாட்டேன், உங்களோடு நான் வேலை செய்யும் விதத்தைப் பற்றிப் பேசுவேன்" என்று வாக்குக் கொடுங்கள். கொடுத்ததைக் காப்பாற்றுங்கள். "அவர்கள் அமைப்பில் இதை இப்படித்தான் செய்கிறார்கள்" என்று அவரிடமோ குழுவிடமோ ஒருமுறைகூடச் சொல்லாதீர்கள். ஒரு யோசனை நல்லதென்று பட்டால் அதை உங்கள் யோசனையாகவே மேஜையில் வையுங்கள், அடி வாங்கினாலும் நீங்களே வாங்குங்கள்.

நேரம், முறை பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. மாதம் ஒருமுறை ஒன்றரை மணி நேரம், ஆளுக்குப் பாதி, கடிகாரத்தைப் பார்த்தே பிரித்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் யாருக்கு அந்த மாதம் வலி அதிகமோ அவரே முழு நேரத்தையும் எடுத்துக்கொள்வார். பேசுபவர் பேசும்போது மற்றவர் முதல் 20 நிமிடம் கேள்வி மட்டும் கேட்கட்டும், யோசனை சொல்லக் கூடாது. இது எவ்வளவு கஷ்டம் என்று முயன்று பார்த்தால்தான் தெரியும். "நீங்கள் ஏன் இப்படிச் செய்யக் கூடாது?" என்பது கேள்விக்குறி போட்ட யோசனை, அதையும் விலக்குங்கள். "அந்த நேரத்தில் நீங்கள் என்ன சொல்ல நினைத்துச் சொல்லாமல் விட்டீர்கள்?" என்பது கேள்வி. ஒவ்வொரு சந்திப்பும் "போன முறை செய்வதாகச் சொன்னது என்ன ஆயிற்று?" என்பதில் தொடங்கட்டும். 6 மாதத்துக்கு என்று ஒத்துக்கொள்ளுங்கள், அப்புறம் நிறுத்தவா தொடரவா என்று இருவரும் சங்கடமில்லாமல் பேச அது இடம் தரும். முடிவுத் தேதி வைக்காத இத்தகைய உறவுகள், யாரும் முறித்துக்கொள்ளாமலே தேய்ந்து, கடைசியில் புலம்பலாக மிஞ்சிவிடுகின்றன.

இவை எல்லாவற்றையும்விட அதிகப் பலன் தரும் ஒன்றைச் சொல்கிறேன், பெரும்பாலானோர் இதைச் செய்வதில்லை. குழுவின் அனுமதி வாங்கி, ஒரு கூட்டத்தில் அவரைப் பார்வையாளராக உட்காரவையுங்கள். நீங்களும் அவருடைய கூட்டத்துக்குப் போய் உட்காருங்கள். ரகசியமான விஷயங்கள் இல்லாத பகுதிக்கு மட்டும் வந்தால் போதும். நாம் கூட்டம் நடத்துவதை நாம் பார்க்கவே முடியாது, நினைவில் இருப்பது நாம் நடத்தியதாக நினைக்கும் கூட்டம்தான். அவருக்குக் கொடுக்க வேண்டிய வேலை இவ்வளவுதான்: ஒவ்வொரு விஷயத்திலும் முதலில் யார் பேசினார், கடைசியில் யார் பேசினார், யார் வாயே திறக்கவில்லை, தலைமை நிர்வாகியைக் கேட்ட கேள்விக்கு நீங்கள் எத்தனை முறை பதில் சொன்னீர்கள், "எல்லோருக்கும் சம்மதம்தானே?" என்று கேட்டுவிட்டு எத்தனை விநாடி காத்திருந்தீர்கள். கருத்து எதுவும் வேண்டாம், பார்த்ததை மட்டும் சொல்லட்டும்.

எனக்கு ஒருவர் இதைச் செய்தபோது, ஒரே கூட்டத்தில் 4 முறை, எங்கள் நிர்வாகி வாய் திறக்கும் முன் நான் அவருக்காகப் பதில் சொன்னேன் என்று எழுதிக் கொடுத்தார். அவரைக் காப்பாற்றுவதாக நினைத்துக்கொண்டிருந்தேன். குழு அவரை நேரடியாகத் தெரிந்துகொள்ள முடியாமல் குறுக்கே நின்றிருக்கிறேன். அந்த ஒரு தாள் எனக்குச் சொன்னதை எந்தப் பயிற்சியும் சொல்லவில்லை.

உங்கள் விஷயத்தில் இது இன்னும் முக்கியம். "எல்லோரும் அவர் முகத்தைப் பார்க்கிறார்கள்" என்கிறீர்கள். இருக்கலாம். ஆனால் வந்து உட்காரும் ஒருவர், முதலில் பார்ப்பது நீங்கள்தான் என்று சொன்னால்? ஒரு விஷயத்தை அறிமுகப்படுத்திவிட்டு உங்கள் கண் தானாக ஸ்தாபகர் பக்கம் போகிறது, மற்ற எல்லோரும் உங்கள் கண்ணைத் தொடர்கிறார்கள் என்று இருந்தால்? எனக்குத் தெரியாது, நான் அந்த அறையில் இல்லை. ஆனால் புதிய தலைவர்களிடம் இதைத் திரும்பத் திரும்பப் பார்த்திருக்கிறேன். உங்கள் கண்தான் காரணம் என்றால், பேசும் வரிசையை மாற்றுவதிலேயே பாதிச் சிக்கல் தீரும். அவரைக் கடைசியில் பேசச் சொல்லலாம், அதையும் அவரிடம் முன்கூட்டியே மரியாதையோடு சொல்லிவிட்டு.

மீதிப் பாதியை நண்பர் தீர்க்க மாட்டார், அதையும் சொல்லிவிட வேண்டும். தலைவராக இருந்த ஸ்தாபகர் எத்தனை காலம் குழுவில் இருப்பார் என்பது குழு முடிவு செய்ய வேண்டிய விஷயம். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் உள்ள தொண்டு நிறுவனங்களுக்காக 2017-ல் வந்த நிர்வாக நெறிமுறை, ஒரு அறங்காவலர் 9 ஆண்டுகளுக்கு மேல் தொடர்ந்தால் அதைக் கறாராக மறுபரிசீலனை செய்ய வேண்டும், குழுவைப் புதுப்பிக்க வேண்டிய தேவையையும் கணக்கில் எடுக்க வேண்டும், ஆண்டறிக்கையில் அதை விளக்கவும் வேண்டும் என்று சொன்னது. அது சட்டமில்லை, உங்கள் நிறுவனத்துக்குப் பொருந்தவும் வேண்டியதில்லை. ஆனால் அப்படி ஒரு அளவுகோல் இருப்பது, இந்தப் பேச்சைத் தனிமனிதர் மீதான புகாராக இல்லாமல் எல்லோருக்கும் பொதுவான பதவிக்கால விதியாகக் குழுவில் வைக்க உதவும். அந்தப் பேச்சை எப்படித் தொடங்குவது என்று உங்கள் நண்பரோடு ஒத்திகை பார்க்கலாம். அவர் ஸ்தாபகராக நடிக்கட்டும், நீங்கள் சொல்ல வேண்டியதைச் சொல்லிப் பாருங்கள், முதல் மூன்று முறை நாக்கு ஒட்டிக்கொள்ளும். ஆனால் முடிவை அந்த ஒத்திகையில் எடுக்காதீர்கள். நண்பரோடு பேசி முடித்துவிட்டுக் குழுவுக்கு வந்தால், உங்கள் அறங்காவலர்களுக்கு மிஞ்சுவது கை தூக்கும் வேலை மட்டும்தான். நிழல்போல இன்னொரு தலைவர் உருவாவது இப்படித்தான்.

உங்களுக்குத் துணைத் தலைவர் இருக்கிறாரா? கடிதத்தில் அவரைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. இருந்தால், உள்ளே பேச வேண்டியதை அவரோடு பேசுங்கள், வெளி நண்பர் அவருக்கு மாற்று ஆகிவிடக் கூடாது. இல்லை என்றால், முதல் சந்திப்பில் நண்பரிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி அதுவே: அவர் எப்படித் தன் துணைத் தலைவரைத் தேடினார்?

கடைசியாக, ஆண்டுப் பொதுக்கூட்டம் முடியட்டும் என்று எழுதியிருந்தீர்கள். தயவுசெய்து காத்திருக்காதீர்கள். பதவிக்காலங்கள், மறுதேர்வு, ஸ்தாபகரின் இடம் எல்லாம் பெரும்பாலும் அந்தக் கூட்டத்தில்தான் மேலே வரும், அதற்கு முன்தான் உங்களுக்குப் பேச ஒரு ஆள் வேண்டும். இந்த வாரமே தலைமை நிர்வாகியிடம் சொல்லுங்கள், பிறகு குழுவிடம். அதன்பின் அந்தத் தலைவரை அழைத்து, மேலே சொன்ன எல்லைகளைப் பற்றி அரை மணி நேரம் மட்டும் பேசுங்கள். அந்த அரை மணி நேரத்தில் அவர் உங்களைவிட அதிகம் பேசினாரா, கேட்டாரா என்று மட்டும் கவனித்துவிட்டு எனக்கு எழுதுங்கள்.